பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

உழவனுடைய மண்வெட்டி நாள்தோறும் மண்ணிற்பட்டுத் தேய்கின்றது. தச்சனுடைய உளி தீட்டத் தீட்டக் குறுகுகின்றது. வண்டியின் அச்சு பல்லாண்டு ஓடித் தேய்ந்து, ஒரு நாள் முறிகின்றது. இவ்வாறு உழைத்துத் தேய்ந்து பயனற்றுப் போதல் கருவிகளின் இயல்பு. ஆனால், வீடுகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இன்று காணப்படும் கணினியோ இவ்வியல்புக்குச் சற்று மாறுபட்டது. அதன் உறுப்புகள் தேயாமல் இருக்கும்போதே அது பழையதாகிவிடுகின்றது. நேற்று வரை கணக்கு எழுதவும், கடிதம் வரையவும், இணையத்தில் செய்தி தேடவும் உதவிய மேசைக் கணினி, இனி அதற்கு ஆதரவு இல்லை என்னும் ஓர் அறிவிப்பால் மூலையில் ஒதுக்கப்படுகின்றது.

மின்சாரம் பாய்ந்தவுடன் குறையின்றி இயங்கும் ஒரு கருவியை ஆண்டு பல ஆயின என்பதற்காக ஒதுக்குதல் முறையாகுமா? ஒதுக்காமல் வைத்துக்கொள்வதாயின், அதனைத் தீங்கின்றிப் பயன்படுத்துவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், முதற்கண் இயங்குதளம் என்பது யாது என அறிதல் வேண்டும்.

இயங்குதளத்தின் பணி

கணினியில் கணக்கிடும் உறுப்பு நுண்செயலி எனப்படும். வேலை நடைபெறும்பொழுது செய்திகளைத் தாங்குவது நினைவகம். மின்சாரம் நின்ற பின்னும் அழியாமல் செய்திகளைச் சேமித்து வைப்பது வன்தட்டு. இவற்றோடு விசைப்பலகை, சுட்டி, திரை, அச்சுப்பொறி ஆகியனவும் சேர்கின்றன. கையால் தொடக்கூடிய இவ்வுறுப்புகள் அனைத்தும் வன்பொருள் எனப்படும். இவை தாமாக எதனையும் செய்யமாட்டா.

ஒரு திருமண வீட்டில் பந்தலிடுவோர், சமைப்போர், பரிமாறுவோர், விருந்தினரை வரவேற்போர் எனப் பலர் இருப்பர். ஆயினும், யார் எப்பொழுது எதனைச் செய்யவேண்டும் என்று ஏவி நடத்தும் பெரியவர் ஒருவர் இல்லையாயின், அங்கே குழப்பமே மிஞ்சும். கணினியில் அப்பெரியவரின் இடத்தில் இருப்பதே இயங்குதளம். எந்த வேலைக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் அளிப்பது, நுண்செயலி எதனை முன்னர்ச் செய்வது, எந்தக் கோப்பினை யார் திறக்கலாம் என்பவற்றையெல்லாம் அதுவே முடிவு செய்கின்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓ.எஸ். என்பன இவ்வகையின.

வன்பொருள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி உடையது. அம்மொழியை இயங்குதளத்துக்கு எடுத்துரைக்கும் சிறு நிரலை ‘டிரைவர்’ என்று கணினித் தொழிலில் உள்ளோர் வழங்குவர். புதிய இயங்குதளம் ஒன்றுக்கு ஏற்ற டிரைவர் கிடைக்காவிடின், பழைய அச்சுப்பொறி பழுதின்றி இருந்தும் ஊமையாய் நிற்கும். பழைய கணினியைப் புதுப்பிக்க முயல்வோர் பலர் முதலில் இடறுவது இவ்விடத்திலேதான்.

ஆதரவு முடிதல் என்றால் என்ன?

இயங்குதளம் பல இலட்சக்கணக்கான வரிகளால் எழுதப்பட்ட ஒரு பெரு நிரலாகும். மனிதர் எழுதும் எதிலும் பிழை இருத்தல் இயல்பு. அப்பிழைகளுட் சில, கள்வர் நுழையும் கன்னக்கோல் துளை போன்றவை. தீயோர் அவற்றின் வழியே இணையம் வாயிலாகப் பிறருடைய கணினியினுள் புகுந்து, கடவுச்சொற்களைத் திருடுகின்றனர், கோப்புகளை அழிக்கின்றனர். இயங்குதளத்தை ஆக்கிய நிறுவனம் அத்தகைய துளைகளை அறிந்தவுடன் அடைத்து, திருத்தங்களை வெளியிடுகின்றது. இத்தொண்டு நடைபெறும் காலமே ஆதரவுக் காலம்.

அக்காலத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2001-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-க்கு அது 2020 ஜனவரி 14-ஆம் நாள் முடிந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பதிவு செய்துகொள்ளும் தனி மனிதர்க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் அளிக்கப்படும் என மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-இல் அறிவித்தது.

ஆதரவு முடிந்த நாளில் கணினி நின்றுவிடுவதில்லை. முதல் நாள் போலவே மறுநாளும் அது இயங்குகின்றது. அதனாலேயே பலர் இடரை உணராது போகின்றனர். உண்மையில் அது, தாழ்ப்பாள் கழன்றால் திருத்தித் தரத் தச்சன் வாராத வீட்டை ஒக்கும். அதன் பின்னர்க் கண்டறியப்படும் துளை ஒவ்வொன்றும் அடைபடாமலே கிடக்கும். இன்னும் ஓர் இடர் உண்டு. புதிய பதிப்புக்கு வெளியாகும் திருத்தத்தை ஆராயும் தீயோர், அதே துளை பழைய பதிப்பில் எங்கே இருக்கும் என்பதையும் அதனால் அறிந்துகொள்வர்.

2017-ஆம் ஆண்டின் பாடம்

இதனை விளக்குவதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னகிரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அதன் பிடியில் சிக்கின. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிடுவதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல அதனால் தடுமாறின. நோயாளிகளின் குறிப்புகளைத் திறக்க இயலவில்லை. மருத்துவரைக் காணக் குறித்திருந்த நேரங்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடியாயின. அவசர மருத்துவம் நாடி வந்தோர் சில இடங்களில் வேறு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டனர். கணினியின் குறை, நோயுற்ற மக்களின் துயரமாக மாறியது.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அத்துளையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, 2017 மார்ச் 14-ஆம் நாள் வெளியிடப்பட்டிருந்தது. சிக்கிய கணினிகளுட் பெரும்பாலானவை, அன்று ஆதரவுக் காலம் முடியாதிருந்த விண்டோஸ் 7-இல் இயங்கியவை. திருத்தம் இருந்தும் அதனை ஏற்றிக்கொள்ளாமையே அவற்றின் கேட்டுக்குக் காரணமாயிற்று. ஆதரவு முடிந்திருந்த எக்ஸ்.பி.க்கும் அந்நிறுவனம் தாக்குதல் நிகழ்ந்த பின்னரே பொதுவில் திருத்தம் அளித்தது. ஆகவே, ஆதரவுள்ள இயங்குதளம் வேண்டும் என்பது ஓர் உண்மை. வரும் திருத்தங்களைச் சோம்பலின்றி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது அதனினும் பெரிய உண்மை.

இயலாமையும் இசைவின்மையும்

அங்ஙனமாயின், பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை ஏற்றிவிட்டால் போதாதோ என வினவலாம். ஏற்றலாம், ஆயினும், சில வேளை தடை எழும். அத்தடை இருவகைப்படும். ஒன்று இயலாமை; மற்றொன்று இசைவின்மை. இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

நுண்செயலி ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில கட்டளைகளையே அறியும். ஓர் எண்ணை இரும முறையில் எழுதினால் அதில் ‘1’ எத்தனை முறை வருகின்றது எனக் கணக்கிடும் கட்டளை ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் 2008-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட நுண்செயலிகளில் அது இடம்பெற்றது. 2006-இல் வெளிவந்த ‘கோர் 2’ வகையில் அது இல்லை. விண்டோஸ் 11-இன் 2024-ஆம் ஆண்டுப் பதிப்பு அக்கட்டளையைக் கட்டாயமாக எதிர்பார்க்கின்றது. அறியாத கட்டளையை ஏவினால் நுண்செயலி என் செய்யும்? கணினி தொடங்கவே தொடங்காது. இஃது இயலாமை.

முகவரியின் நீளமும் இத்தகையதே. 32 இலக்க இரும முகவரியால் ஏறத்தாழ 429 கோடி இடங்களையே, அஃதாவது 4 ஜி.பி. நினைவகத்தையே, சுட்ட இயலும். இன்றைய இயங்குதளங்கள் பல 64 இலக்க நுண்செயலியையே வேண்டுகின்றன. விண்டோஸ் 11-க்கு 32 இலக்கப் பதிப்பே இல்லை.

இசைவின்மையோ வேறு வகையது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, ‘டி.பி.எம். 2.0’ என்னும் பாதுகாப்பு அமைப்பு கணினியில் இருத்தல் வேண்டும் என விதித்தது. மறைக்குறிகளைக் காக்கும் சிறு பெட்டகம் போன்றது அது. மேலும், இன்டெல் நுண்செயலிகளில் பெரும்பாலும் 2017-இல் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே ஏற்கப்படும் எனவும் அறிவிக்கப்பட்டது. இதனால், 2016-ஆம் ஆண்டு நல்ல விலை கொடுத்து வாங்கிய, 16 ஜி.பி. நினைவகமும் மிக்க வேகமும் உடைய கணினியும் பட்டியலுக்கு வெளியே நின்றது. அதே வேளையில், எளிய வேலைக்கே போதுமான 4 ஜி.பி. நினைவகமுடைய புதிய கணினி பட்டியலினுள் இடம்பெற்றது. முன்னதற்கு ஆற்றல் இல்லை என்று கூற இயலாது, இசைவுதான் இல்லை.

இசைவு மறுக்கப்பட்ட கணினியில் சோதனையைக் கடந்து விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வழிகளைச் சிலர் கண்டுள்ளனர். பல கணினிகளில் அஃது இயங்கவும் செய்கின்றது. ஆயினும், தகுதிப் பட்டியலில் இல்லாத கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உறுதியில்லை என நிறுவனம் அறிவித்துள்ளது. பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுவதற்காகவே புதிய தளத்தை நாடுகின்றோம். அத்திருத்தங்களே ஐயத்துக்கு இடமாயின், வேர் இல்லாத மரத்தை நட்டு நிழலுக்குக் காத்திருப்பதாக முடியும்.

லினக்ஸ் என்னும் மாற்று வழி

இந்நிலையில் பலருக்குக் கைகொடுப்பது லினக்ஸ். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் இதனைத் தொடங்கினார். அவர் பயன்படுத்தியது 386 வகை நுண்செயலியுடைய கணினி. அதற்கு முன்னரே, 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை ஆக்கும் ‘குனூ’ திட்டத்தை அறிவித்திருந்தார். இவ்விரு முயற்சிகளும் இணைந்து, உலகெங்கும் உள்ள பலருடைய உழைப்பால் வளர்ந்தன.

மூல நிரல் எவர்க்கும் திறந்திருத்தலால், அதனை வேண்டியவாறு அமைத்துக்கொள்ள இயலும். ஆற்றல் மிக்க கணினிக்கு அணிகலன்கள் நிறைந்த பதிப்பும், பழைய கணினிக்குப் பளு குறைந்த பதிப்பும் கிடைக்கின்றன. எக்ஸ்.எப்.சி.இ., எல்.எக்ஸ்.கியூ.டி. என்பன பளு குறைந்த திரை அமைப்புகள். ‘லினக்ஸ் மின்ட்’ என்னும் பதிப்புக்கு 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. சேமிப்பிடமும் குறைந்த அளவாகக் கூறப்படுகின்றன. இடரின்றிப் பயன்படுத்த 4 ஜி.பி. வேண்டும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ‘பாஸ்’ என்னும் இயங்குதளமும் லினக்ஸ் வழிப்பட்டதே. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கணினியை இயக்குதற்கு அது வழி செய்தது.

எனினும், லினக்ஸ் எல்லா நோய்க்கும் மருந்து எனக் கருதுதல் தவறு. விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் சில அதில் இயங்கமாட்டா. ஒரு கடைக்காரருடைய கணக்கு மென்பொருள் அத்தகையதாயின், மாறுவதற்கு முன் அவர் பன்முறை எண்ணுதல் வேண்டும். மேலும், லினக்ஸும் முதுமைக்கு ஓர் எல்லை வகுத்தே உள்ளது. எந்த 386 கணினியில் அது பிறந்ததோ, அந்த 386-க்குரிய பகுதியே 2012-இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. டெபியன் என்னும் புகழ்பெற்ற பதிப்பும், 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் வெளியீட்டில், பழைய 32 இலக்கக் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. பயன்படுத்துவோர் அருகிவிட்ட பழைய கருவிகளுக்காக நிரல்களை எழுதிச் சோதித்துக் காப்பதும் உழைப்பே அன்றோ? அவ்வுழைப்புக்கு ஆள் இல்லாதபொழுது எந்த ஆதரவும் முடிந்தே தீரும்.

செய்ய வேண்டுவன

பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை ஏற்ற முற்படுவோர் முறையாகச் செயற்படல் வேண்டும்.

முதற் கடமை, கணினியில் உள்ள படங்கள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றைத் தனியே ஒரு சேமிப்பகத்தில் படியெடுத்து வைத்தலாகும். இயங்குதளத்தை நிறுவுங்கால் வன்தட்டில் உள்ளவை அழியக்கூடும். அழிந்த பின் வருந்திப் பயனில்லை. படியெடுத்தவை சரியாகத் திறக்கின்றனவா என்பதையும் வேறொரு கணினியில் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

அடுத்து, உடல் நலம் பார்ப்பது போல வன்பொருளின் நலம் காணல் வேண்டும். மின் இணைப்பை நீக்கிய பின்னர், காற்றாடியிலும் அதனைச் சூழ்ந்தும் படிந்துள்ள தூசியை அகற்றவேண்டும். தூசி வெப்பத்தை வெளிவிடாது. வெப்பம் மிகுந்தால் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தாய்ப்பலகையில் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் ஒன்று இருக்கும். அது தீர்ந்துபோனால், கணினியை அணைக்கும்தோறும் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றைக் காட்டும். இணையத் தளங்களின் நம்பகத்தைக் காட்டும் சான்றிதழ்கள் தேதிக்கு உட்பட்டவை. ஆதலால், தேதி தவறினால் தளங்கள் திறக்கமாட்டா. கணினியே கெட்டுவிட்டது என உரியவர் மயங்குவர். குறையோ, சிறு விலைக்குக் கிடைக்கும் மின்கலத்தில் உள்ளது.

பழைய கணினி மெல்ல இயங்குவதற்குப் பெருங்காரணம் அதன் வன்தட்டு. அதனுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல, ஊசி போன்ற முனை அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைத் தேடுகின்றது. ஒரு செய்தியைக் கண்டெடுக்க ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகின்றது. இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால், கணினி தொடங்கும்பொழுது ஆயிரக்கணக்கான செய்திகளைத் தேடவேண்டும். சுழலும் உறுப்பு இல்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் அதே வேலையை அதனினும் நூறு மடங்கு விரைவில் செய்துவிடும். ஆகவே, வன்தட்டுக்கு மாற்றாக அதனைப் பொருத்தி, இடமிருப்பின் நினைவகத்தையும் கூட்டினால், பத்தாண்டு பழைய கணினியும் புத்துணர்ச்சி பெற்றது போல இயங்கக் காணலாம்.

இவற்றுக்குப் பின்னரே இயங்குதளத்தை ஏற்றவேண்டும். அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். பெற்ற கோப்பு இடையில் மாற்றப்படவில்லை என்பதை, அங்கே குறித்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு அறியலாம். அக்கோப்பினைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். லினக்ஸ் பதிப்புகள் பல, வன்தட்டைத் தொடாமல் இவ்வாறு இயங்க வல்லன. ஒலி கேட்கின்றதா, இணையம் இணைகின்றதா, அச்சுப்பொறி அச்சிடுகின்றதா என எல்லாவற்றையும் முன்னரே சோதித்துப் பார்த்து, மனநிறைவு ஏற்பட்ட பின் நிறுவிக்கொள்ளலாம். ஆற்றின் ஆழம் அறிந்து இறங்குவார்க்கு அச்சமில்லை.

எதுவரை காப்பது?

பழையதைக் காத்தல் வெறும் சிக்கனம் மட்டுமன்று. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத்து மேசைக் கணினி ஒன்றையும் அதன் திரையையும் ஆக்குவதற்கு 240 கிலோ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருள்களும், 1,500 கிலோ நீரும் செலவாயின எனக் கூறியது. கணினி கடைக்கு வருமுன்னரே இவ்வளவும் செலவாகிவிடுகின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டப்பட்டு மறுபயன் பெற்றதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கே. எஞ்சியவற்றுள் எவ்வளவோ மண்ணிலும் நீரிலும், அவற்றைக் கையால் உடைத்துப் பிரிக்கும் ஏழை மக்களின் உடலிலும் ஈயம் முதலிய நச்சுப்பொருள்களைச் சேர்க்கின்றன. ஒரு கணினியை ஐந்து ஆண்டுகள் கூடுதலாகப் பயன்படுத்தினால், புதியது ஒன்றை ஆக்கும் செலவும் அத்தனை காலம் தள்ளிப்போகும்.

ஆயினும், பழமையைப் பற்றிக்கொள்வதற்கும் ஓர் அளவு உண்டு. 2004-ஆம் ஆண்டுக் காலத்துப் பெண்டியம் 4 வகைகள் சிலவற்றில் நுண்செயலி மட்டுமே 100 வாட்டுக்கு மேல் மின்சாரம் கொள்ளும். இன்றைய சிறு கணினிகள் பல, அதனிற் பன்மடங்கு குறைந்த மின்சாரத்தில் அதனினும் மிகுந்த வேலையைச் செய்கின்றன. 1 ஜி.பி. நினைவகமே உடைய கணினியில் எந்த இயங்குதளத்தை ஏற்றினும், இன்றைய இணையப் பக்கங்கள் அதனைத் திணறடித்துவிடும். அத்தகைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுப் பழகவும், நிரல் எழுதிப் பழகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் உதவாதாயின், அரசின் ஒப்புதல் பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைத்தலே நேர்மையான முடிவாகும். அதற்கு முன் அதன் வன்தட்டில் உள்ள சொந்தச் செய்திகளை முற்றும் அழித்துவிடுதல் வேண்டும்.

முடிவுரை

ஆதரவு முடிந்தது என்னும் சொல்லைக் கேட்டவுடன் கணினியைக் குப்பையில் எறிதலும் தகாது. ஒன்றும் ஆகாது என்று அசட்டையாய் இருத்தலும் தகாது. முன்னது பொருளை அழிக்கும். பின்னது பாதுகாப்பை அழிக்கும். தம் கணினி இயலாமையால் நிற்கின்றதா, இசைவின்மையால் நிறுத்தப்பட்டதா என ஆராய்ந்து, தம் தேவையையும் எண்ணிப்பார்த்து முடிவு செய்வோரே அறிவுடையோர். இவ்வாராய்ச்சிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சிறிது பொறுமையும், கருவியின் உள்ளமைப்பை அறியும் ஆவலுமே வேண்டும். அவை உடைய மாணவர் கையில், பிறர் ஒதுக்கிய கணினி ஒன்று மீண்டும் ஒரு வீட்டின் கணக்கை எழுதும். ஒரு பள்ளியின் பாடத்தைக் காட்டும். கணினியே காணாத சிறுவன் ஒருவனுக்கு முதல் எழுத்தைத் திரையில் எழுதும் மகிழ்ச்சியையும் அளிக்கும்.